கடற்பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

சனிக்கிழமை காலையில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் மலேசியாவின் எல்லை நகரமான ஜோகூர் பாருவைத் தாண்டி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையின் வலக்கோடித் தடத்தில் பறக்கும் கார்களின் எண் பலகைகளைக் கவனித்தால், எஸ் என்ற எழுத்தில் தொடங்குபவை, அதாவது சிங்கப்பூர்க் கார்கள், கணிசமாக இருக்கும். அவற்றில் பல, முந்தைய நாள் மாலை சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல் முள் ஏறாமல் அடக்கமாக ஊர்ந்தவைதான். காரும் அதுவே, ஓட்டுபவரும் அவரே. நடுவில் கடந்திருப்பது 1924இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் ஒரு கடற்பாலம் மட்டும்.

சிங்கப்பூரர்கள் ஒழுங்காக ஓட்டுவார்கள், மலேசியர்கள் கண்டபடி ஓட்டுவார்கள் என்ற பேச்சைச் சிங்கப்பூரில் எங்கள் வீட்டு விருந்துகளில் அடிக்கடி கேட்கிறேன். என் மனைவியின் அண்ணன் ஜோகூர் மாநிலத்தின் குளுவாங்கில் இருப்பதால் மாதத்துக்கு ஒரு முறையாவது எல்லையைக் கடக்க நேர்கிறது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பேச்சில் எனக்கிருந்த நம்பிக்கை அடியோடு போய்விட்டது. ஒரு நாட்டு மக்களின் இயல்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அந்நாட்டில் ஒரு தவறுக்கு என்ன விலை, ஊருக்கு ஊர் எவ்வளவு தூரம், சந்திப்புகளை எப்படி வடிவமைத்திருக்கிறார்கள், ஒரு கார் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பவற்றிலிருந்து பிறக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

விதிப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு நாடுகளுக்கும் வேறுபாடு குறைவு. இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியில் இடப்பக்கம் ஓட்டப் பழகியவை. மலாயாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் மலேசியா 1987இல் புதிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் எத்தனையோ திருத்தங்களுடன் இன்றும் நடப்பில் இருக்கிறது. வட்டச்சந்தியில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழி விடுவது, மஞ்சள் கட்டத்துக்குள் வண்டியை நிறுத்தாமல் இருப்பது, முந்திச் செல்வதற்கு மட்டும் வலத்தடத்தைப் பயன்படுத்துவது எல்லாம் இரு கரைகளிலும் ஒன்றே. புத்தகத்துக்கும் சாலைக்கும் இடையிலுள்ள தொலைவுதான் வேறு.

எல்லையிலேயே ஆரம்பிக்கலாம். சிங்கப்பூரில் பதிவான கார் நாட்டைவிட்டு வெளியேறும்போது அதன் எரிபொருள் தொட்டியில் குறைந்தது முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும். 1989இல் அரைத் தொட்டி என்று தொடங்கிய இவ்விதி 1991இல் முக்காலாக உயர்ந்தது. இது போக்குவரத்துச் சட்டத்தில் வருவதில்லை, சுங்கச் சட்டத்தில் வருகிறது. மீறினால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் கட்ட வேண்டியிருக்கும், காரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரி சேர்ந்த சிங்கப்பூர் பெட்ரோலுக்கும் அக்கரை விலைக்கும் இடையிலுள்ள இடைவெளி அவ்வளவு பெரிது. இந்த விதி இல்லாவிட்டால் பெட்ரோல் போடுவதற்கென்றே ஒரு கூட்டம் தினமும் பாலம் ஏறும். சோதனைச்சாவடி இருக்கும் உட்லண்ட்ஸுக்குப் போகும் வழியிலுள்ள பெட்ரோல் நிலையங்களில் வார இறுதிகளில் நிற்கும் கார்களில் பல, 'முழுத் தொட்டி வேண்டாம், முக்காலைத் தொட்டால் போதும்' என்ற கணக்கோடு நிற்பவை.

அக்கரையிலும் ஒரு பூட்டு இருக்கிறது. மலேசிய அரசு மானியம் தரும் ரான் 95 என்ற தரத்துப் பெட்ரோலை, அதாவது மஞ்சள் கைப்பிடிக் குழாயில் வருவதை, வெளிநாட்டு எண் கொண்ட வாகனங்களுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2010இலிருந்து இருக்கிறது. நாங்கள் ரான் 97 தான் போட வேண்டும். 2025 செப்டம்பர் இறுதியில் மானியத்தை மலேசியர்களின் அடையாள அட்டையோடு இணைத்து, லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்று அவர்களுக்கு மட்டும் கொடுக்கத் தொடங்கிய பிறகு, விலையில் இருக்கும் வேறுபாடு குழாயடியிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. 2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூர் வாகனங்களுக்கான நுழைவு அனுமதி வில்லையும் கண்டிப்பாகிவிட்டது. இல்லாதவருக்கு 300 ரிங்கிட் தண்டம். அது போக, ஒவ்வொரு நுழைவுக்கும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் உண்டு. எதிர்த்திசையில் சிங்கப்பூரும் மலேசியக் கார்களுக்கு ஆண்டில் பத்து நாள்களை இலவசமாகத் தந்துவிட்டு, அதற்குமேல் வார நாள்களில் நாளுக்கு 35 வெள்ளி வாங்குகிறது. சிங்கப்பூரில் குடியிருப்பவர் மலேசிய எண் கொண்ட காரை இங்கே ஓட்டவே கூடாது என்ற விதியும் உண்டு. இல்லாவிட்டால் பாதித் தீவு ஜோகூரில் கார் வாங்கியிருக்கும்.

2014 முதல் 2024 இறுதி வரை ஜோகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025இல் அது மறுபடியும் சனி, ஞாயிறு ஆனதால், இப்போது இரு கரையினரும் ஒரே நாளில் ஓய்ந்து ஒரே நாளில் புறப்படுகிறார்கள். பாலத்தில் வரிசையை வெட்டிக் குறுக்கே நுழையும் பழக்கத்தை மலேசியப் பழக்கம் என்று சொல்வோர் உண்டு. சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடிக்கு முன்னால், சிங்கப்பூர் மண்ணிலேயே, எஸ் எண் கார்கள் அதைச் செய்வதை எந்த நீண்ட விடுமுறையிலும் பார்க்கலாம். பிடிபட்டால் மறுபடியும் வரிசையின் வாலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து மணி நேர வரிசையில் இதைவிடக் கடுமையான தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

சாலைக்கு வருவோம். இரண்டு நாடுகளுக்கும் இடையே புதியவரை முதலில் தடுமாற வைப்பது வலப்புறம் திரும்புவது. சிங்கப்பூரின் பல சந்திப்புகளில் எதிரெதிர்த் திசைகளுக்கு ஒரே நேரத்தில் பச்சை விழுகிறது. வலப்புறம் திரும்ப வேண்டியவர் சந்திப்பின் நடுவே போய் நின்று, எதிரே வரும் வண்டிகளுக்கிடையே இடைவெளி பார்த்து, தான் திரும்பும் சாலையைக் கடக்கும் பாதசாரிகளுக்கும் வழிவிட்டு, இரண்டையும் ஒரே கணத்தில் கணித்துத் திரும்ப வேண்டும். எதிர்த்தடத்தில் பேருந்து ஒன்று வலப்புறம் திரும்பக் காத்திருந்தால் அதன் மறைவில் வரும் மோட்டார்சைக்கிள் கண்ணுக்கே தெரியாது. இப்படித் திரும்பும்போது நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகுதான், சிவப்பு, மஞ்சள், பச்சை அம்பு விளக்குகளைச் சந்திப்புக்குச் சந்திப்பு பொருத்தத் தொடங்கினார்கள். அம்பு சிவப்பாக இருந்தால் எதிர்ச்சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் நிற்க வேண்டும். நேரம் போகிறது என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது நிம்மதி.

மலேசிய நகரங்களில் இந்தக் கணிப்பு வேலை பெரும்பாலும் இல்லை. பல சந்திப்புகளில் நான்கு பக்கத்துக்கும் முறை வைத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் பச்சை விடுகிறார்கள். உங்கள் முறை வரும்போது நேராகவும் போகலாம், வலப்புறமும் திரும்பலாம், எதிரே ஒருவரும் வரமாட்டார். விதியின் வடிவம் என்ற அளவில் இது பாதுகாப்பானது. ஆனால் மற்ற மூன்று பக்கமும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் நீளம்தான், மஞ்சள் விழுந்த பின்னும் மூன்று கார்கள் ஒட்டிக்கொண்டு போய்விடும் பழக்கத்தை வளர்க்கிறது. இந்தச் சுற்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போதோ என்ற நினைப்பு யாருடைய காலையும் முடுக்கியில் அழுத்தும். முறை மாறிப் பச்சை விழுந்ததும் ஒரு மூச்சு தாமதித்துப் புறப்படுங்கள் என்று என் மைத்துனர் எனக்கு முதலில் சொல்லித்தந்ததற்குக் காரணம் அதுவே.

யு வடிவில் திரும்புவதில் இரு நாடுகளும் எதிரெதிர்த் துருவங்கள். சிங்கப்பூரில் 'திரும்பலாம்' என்ற பலகை இருக்கும் இடத்தில் மட்டுமே திரும்ப வேண்டும். பலகை இல்லையென்றால் அனுமதி இல்லை. மலேசியாவில் தடைப்பலகை இல்லாத இடத்தில் திரும்பிக்கொள்வது வழக்கம். ஒரே வெற்றுச் சந்திப்பு ஓர் ஊரில் 'கூடாது' என்றும் மற்ற ஊரில் 'போகலாம்' என்றும் சொல்கிறது. பலகையைத் தேடிப் பழகிய கண் மலேசியாவில் அநாவசியமாக நெடுந்தூரம் போய்ச் சுற்றி வரும். மலேசியாவில் பழகிய கை சிங்கப்பூரில் குற்றம் செய்துவிடும்.

வேகத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர், சிலவற்றில் 80 அல்லது 70. மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பொதுவாக 110. ஆனால் எண்ணைவிடத் தூரமே முக்கியம். சிங்கப்பூரின் மிக நீண்ட விரைவுச்சாலை 43 கிலோமீட்டர் போல வரும். அதன் முழு நீளத்தையும் 90க்குப் பதில் 110இல் ஓட்டினாலும் மிஞ்சுவது ஐந்து நிமிடம். ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 330 கிலோமீட்டர்; அங்கே அதே வேறுபாடு நாற்பது நிமிடத்தைக் கொடுக்கிறது. நாற்பது நிமிடத்துக்காக ஒருவர் வேகத்தை மிதிப்பது புரிந்துகொள்ளக்கூடிய சபலம், ஐந்து நிமிடத்துக்காக மிதிப்பது வெறும் திமிர். சிங்கப்பூர்ச் சாலைகளில் வேகம் குறைவாக இருப்பதற்கு நம் நற்குணத்தைக் காரணம் காட்டுவதற்கு முன், இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது தண்டனையின் கணக்கு. சிங்கப்பூரில் சிவப்பு விளக்கைத் தாண்டிய கார் ஓட்டுநருக்கு 400 வெள்ளி அபராதமும் 12 குற்றப்புள்ளிகளும் விழும். இரண்டாண்டுகளுக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் 12 வாரங்களுக்கு முடங்கும். உரிமம் பெற்று ஓராண்டு நிறையாதவருக்கு 13 புள்ளிகளிலேயே உரிமம் ரத்தாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். ஒரே ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிய புதிய ஓட்டுநர், எஞ்சிய மாதங்களைக் கண்ணாடிக் குடத்தைத் தலையில் சுமப்பவரைப் போலத்தான் கடத்த வேண்டும். பணத்தைவிடப் புள்ளிதான் இங்கே மிரட்டுகிறது, ஏனென்றால் பணம் வசதியுள்ளவரைத் தொடாது, புள்ளி எல்லாரையும் தொடும்.

மலேசியாவிலும் புள்ளி முறை சட்டத்தில் இருக்கிறது, சாலையில் பேசப்படுவது மட்டும் தள்ளுபடிதான். சம்மன் என்ற அபராதச் சீட்டு வந்தால் உடனே கட்டாதே, எப்படியும் ஒரு பண்டிகைக்கோ ஆண்டு விழாவுக்கோ பாதி விலைக்கு விடுவார்கள் என்பது அங்கே பல காலமாக நிலைபெற்ற ஞானம். அப்படி விட்டதும் உண்மை. கட்டாமல் வைத்திருந்தவருக்குப் பரிசும், ஒழுங்காகக் கட்டியவருக்கு முழுத் தொகையும் என்று ஆகிவிட்டால், சட்டமே எதைக் கற்பிக்கிறது? இதைத் தலைகீழாக்கும் முயற்சியாக 2026 ஜனவரியிலிருந்து, பதினைந்து நாள்களுக்குள் கட்டுபவருக்குப் பாதி, தாமதிக்கத் தாமதிக்கத் தள்ளுபடி கரையும் என்று மாற்றியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான், ஆயினும் பழைய ஞானம் மறைய ஒரு தலைமுறையாவது ஆகும்.

சிங்கப்பூரில் வேகக் கண்காணிப்புக் கேமராக்களைப் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் வைத்து, அதற்கு முன்பே பலகையும் நட்டு, 'பார்த்துக்கொள்' என்று அரசே சொல்லிவிடுகிறது. மலேசியாவின் பழைய சாலைகளில் அந்த வேலையை எதிரே வரும் ஓட்டுநர் செய்கிறார். இரண்டு முறை பெருவிளக்கை மின்னவிட்டுப் போனால், அடுத்த வளைவுக்கு அப்பால் போலீஸ் தடுப்பு இருக்கிறது என்று பொருள். முன்பின் தெரியாதவருக்குச் செய்யும் இந்த உபகாரத்தைச் சட்டம் எப்படிப் பார்த்தாலும், அதில் ஒரு சாலைத் தோழமை இருப்பதை மறுக்க முடியவில்லை.

இதே பெருவிளக்கு இன்னொரு வகையில் ஆபத்தானது. சிங்கப்பூரின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் எதிரே நிற்பவர் விளக்கை மின்னவிட்டால், பெரும்பாலும் 'நீங்கள் போங்கள்' என்று வழி கொடுக்கிறார். மலேசியாவில் அதே மின்னல் 'நான் வருகிறேன், நீ நில்' என்கிறது. குளுவாங் பக்கத்தில் ஒரு கிளைச்சாலையிலிருந்து வெளியேறும்போது, எதிரே வந்த லாரி விளக்கு அடித்ததைக் கண்டு நான் காரை நகர்த்தப் போக, பக்கத்தில் இருந்த மைத்துனர் கையை நீட்டித் தடுத்தார். "நில்லுங்க மாப்பிள்ளை, அவன் வழி விடல, வர்றான்." செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைகளை மலையாகக் குவித்துக்கொண்டு, பின்னால் இரண்டு மூன்று குலைகள் எந்த நேரமும் உருண்டுவிடும் போலத் தொங்க, அந்த லாரி வேகத்தைக் குறைக்காமலே எங்களைக் கடந்து போனது.

இரு கரைகளையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்ப்பவர்களில் கார்க்காரர்களைவிட மோட்டார்சைக்கிள்காரர்களே அதிகம். அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கு ஜோகூரின் மாசாய், ஸ்கூடாய், கூலாய் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படுகிறார்கள்; அவர்களில் நம் தமிழர்களும் ஏராளம். குளிர்காற்றுக்காகச் சட்டைக்கு மேல் அணியும் ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றி, முதுகுப்புறம் திறந்திருக்க, நெஞ்சு மூடியிருக்கும்படி போட்டுக்கொள்வது மலேசிய மோட்டார்சைக்கிள்காரரின் அடையாளம். காற்று உள்ளே புகாது, சோதனைச்சாவடியில் சட்டென்று கழற்றவும் எளிது. காப்சாய் என்று அவர்கள் அழைக்கும் சிறிய வண்டிதான் பெரும்பாலும்.

இவர்களைக் கவனித்தால் நான் சொல்லவரும் விஷயம் எதிர்த்திசையிலும் உண்மையாகிறது. ஜோகூர் பாரு நகருக்குள் சிவப்பு விளக்கில் கார்களுக்கிடையே நுழைந்து முன்னால் போய், கோட்டைத் தாண்டி நின்று, சாலை காலியென்றால் கிளம்பியும் விடுகிற அதே இளைஞர், சிங்கப்பூரின் செனோக்கோவிலோ துவாஸிலோ உள்ள தொழிற்சாலைக்குப் போகும் வழியில் கோட்டுக்குப் பின்னால் காலை ஊன்றிப் பச்சைக்காகக் காத்திருக்கிறார். அங்கே அவருக்கு வேலை அனுமதி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, கேமராவும் இருக்கிறது. வீடு திரும்பும்போது பாலத்தின் பாதியில் அவருடைய தோள்கள் தளர்வதைக் காணலாம்.

மோட்டார்சைக்கிளுக்கென்று சாலையமைத்ததில் மலேசியாவுக்குத்தான் பெருமை. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே அவர்களுக்குத் தனித்தடம் போட்டார்கள். பகலிலும் முன்விளக்கை எரிய விட வேண்டும் என்ற விதியை 1992இலேயே கொண்டுவந்தார்கள். நெடுஞ்சாலைச் சாவடிகளில் மோட்டார்சைக்கிள்களிடம் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. சிங்கப்பூரில் தனித்தடமும் இல்லை, மின்னியல் சாலைக் கட்டணத்திலிருந்து விலக்கும் இல்லை. இவ்வளவு இருந்தும் மலேசியாவில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் இறக்கிறார்கள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் போனவர்கள். சிங்கப்பூரில் 2024இல் இறந்தவர்கள் 142 பேர். மக்கள்தொகை ஆறு மடங்குகூட இல்லை, மரணமோ நாற்பது மடங்கு. தனித்தடம் சில நெடுஞ்சாலைகளில் மட்டும் இருக்கிறது. இறப்புகள் தோட்டப்புறச் சாலைகளிலும், சிற்றூர்களின் விளக்கில்லாத இருவழிச் சாலைகளிலும், பேருந்து வராத ஊரில் காப்சாய் ஒன்றே குடும்பத்துக்கு வண்டியாக இருக்கும் வீடுகளிலும் நடக்கின்றன.

காரின் விலையும் இதில் சேர்கிறது. சிங்கப்பூரில் 1990 முதல், கார் வாங்க வேண்டுமென்றால் பத்தாண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழை முதலில் ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 150,000 வெள்ளியைத் தொட்டது. கார் இல்லாமல் வாழ முடிகிற ஊரில், கார் வைத்திருப்பவர் அதை ஒரு சொத்தாகப் பார்க்கிறார்; கீறல் விழுந்தால் நெஞ்சில் விழுகிறது. அக்கரையில் கார் என்பது அரிசி பருப்பு போல அத்தியாவசியம். அங்கே சாலையின் அரசன் விலையுயர்ந்த ஜெர்மானியக் கார் அல்ல, பெரோடுவா மைவி. அந்தச் சின்னக் கார் வலத்தடத்தில் பின்னால் வந்து ஒட்டினால் எந்தப் பெரிய காரும் ஒதுங்கிவிட வேண்டும் என்று மலேசியர்களே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார்கள். நான் கண்ட அளவில் அதில் மிகை அதிகமில்லை.

வண்டியை நிறுத்துவதிலும் இதே கதைதான். சிங்கப்பூரில் சாலையோரத்தில் ஒற்றை மஞ்சள் கோடு, இரட்டை மஞ்சள் கோடு, நெளிந்த கோடு, இரட்டை நெளிகோடு என்று தரையிலேயே ஒரு இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். இரட்டைக் கோட்டில் எந்நேரமும் வண்டியை விட்டுப் போகக் கூடாது, இரட்டை நெளிகோட்டில் ஆளை இறக்கிவிடக்கூட நிற்கக் கூடாது. மலேசியக் கடைவீதிகளில் நிறுத்துமிடம் நிறைந்துவிட்டால் இன்னொரு வரிசையாக, ஏற்கெனவே நிற்கும் கார்களுக்குப் பின்னால் மறித்து நிறுத்துகிறார்கள். விதிப்படி குற்றம். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் கைப்பேசி எண் எழுதிய அட்டை இருக்கும். மறிக்கப்பட்டவர் அழைத்தால், உணவகத்திலிருந்து ஒருவர் குழம்புக் கையோடு ஓடி வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காரை நகர்த்திக் கொடுப்பார். எண் எழுதாதவருக்குத்தான் நீண்ட ஹார்ன் கிடைக்கும், வசவும் கிடைக்கும். சட்டம் கைவிட்ட இடத்தில் மக்கள் தாங்களே ஒரு விதி செய்துகொண்டு, அதை மீறுபவரைத் தாங்களே தண்டிக்கிறார்கள். இதைச் சிங்கப்பூரில் செய்து பார்த்தால் மறிக்கப்பட்டவர் உங்களை அழைக்க மாட்டார், உங்கள் காரைப் படம் எடுத்து அதிகாரிகளுக்கு அனுப்புவார்.

கொட்டும் மழையில் நான்கு முனை விளக்குகளையும் சிமிட்டவிட்டுக்கொண்டே ஓட்டுவது மலேசிய நெடுஞ்சாலைகளின் மற்றொரு வழக்கம். செய்யாதீர்கள், தடம் மாறுவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும் என்று அதிகாரிகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். ஒருவர் போட்டால் அடுத்தவரும் போடுகிறார். இதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கடுமையான சட்டம் எப்போதும் சிங்கப்பூர்ப் பக்கம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. குடித்துவிட்டு ஓட்டும் குற்றத்துக்கு சிங்கப்பூரில் வரம்பு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. மலேசியா 2020இல் தன் வரம்பை 50 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. சிங்கப்பூரில் குற்றமாகாத அளவோடு பாலத்தைக் கடப்பவர் ஜோகூரில் குற்றவாளி ஆகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் காருக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் இருக்கை வார் அணிய வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு அதற்கேற்ற இருக்கை வேண்டும். இல்லையென்றால் ஓட்டுபவருக்கு அபராதமும் புள்ளியும். அதே விரைவுச்சாலையில், பக்கத்துத் தடத்தில், தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் லாரியின் திறந்த தளத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்து போகிறார்கள். சட்டம் நிபந்தனைகளுடன் அதை அனுமதிக்கிறது. தடை கொண்டுவந்தால் சிறு நிறுவனங்கள் தாங்காது, வீடமைப்பு வேலைகள் தாமதமாகும் என்று 2023இல் அரசு விளக்கம் தந்தது. தவறு செய்வதை விலையேற்றித் தடுப்பதில் உலகுக்கே பாடம் நடத்துகிற சாலை நிர்வாகம், விலையை முதலாளி தர வேண்டிய இடம் வந்ததும் கணக்கை மாற்றிப் போடுகிறது. மேலே கூரை வேண்டும், பக்கத் தடுப்பு உயரமாக இருக்க வேண்டும், இத்தனை பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, ஓட்டுநர் களைப்படையாமல் பார்த்துக்கொள்ள முன்னிருக்கையில் ஒரு துணையாள் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அந்தப் பட்டியலில் தளத்தில் அமர்ந்திருப்பவருக்கு இருக்கையும் இல்லை, வாரும் இல்லை.